மேலான பின்னணித் துறைக்கு ஒரு கடைமடைக்காரனின் மனு

அனுப்புநர்:
ஓய்வுபெற்ற எழுத்தர் ஒருவர்,
பாகூர் கொம்யூன், புதுச்சேரி.

பெறுநர்:
உயர்திரு இயக்குநர் அவர்கள்,
பின்னணிச் செயல்பாட்டுத் துறை (பேட்டரிப் பிரிவு),
அமைப்புகள் வளாகம், நான்காம் உள்ளறை,
என் செல்பேசி, என் சட்டைப்பை.

பொருள்: நான் தூங்கும்போது என் சார்ஜைக் குடிப்பவர்கள் மீது நடவடிக்கை வேண்டுவது தொடர்பாக.

பார்வை: 2024 டிசம்பர் 2, காலை, மேற்படி செல்பேசியின் கறுப்புத் திரை.

ஐயா,

முப்பத்தொரு வருஷம் எழுத்தராக இருந்தவன் நான். மனு வாங்கி முத்திரை குத்திப் பழக்கமே தவிர எழுதிப் பழக்கமில்லை. குறை இருந்தால் பொறுத்துக்கொள்ளவும். ஆனால் ‘பரிசீலனையில் உள்ளது’ என்று ஓரத்தில் கிறுக்கிக் கோப்பின் அடியில் செருகிவிட வேண்டாம். அந்த வித்தையை நானே எத்தனையோ பேருக்குக் காட்டியிருக்கிறேன்.

நடந்தது இது. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்குப் பக்கத்தில் கரையேறியது. கரையேறியது என்பதைவிட, வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்தது என்பதே சரி. மறுநாளும் நகராமல் கொட்டித் தீர்த்தது. எங்கள் தெருவில் கரண்ட் இல்லை. டிசம்பர் 1 சாயங்காலம், இரண்டு தெரு தள்ளி இன்வெர்ட்டர் இருக்கும் வீட்டில் போய் உட்கார்ந்து, அவர்கள் வீட்டுக் கல்யாணக் கதை முழுக்கக் கேட்டு, கொடுத்த வரக்காப்பியையும் குடித்து, 64 சதவீதம் ஏற்றிக்கொண்டு வந்தேன். ராத்திரி யாரோடும் பேசவில்லை, எதையும் பார்க்கவில்லை. தலைமாட்டில் வைத்துப் படுத்தேன். விடிந்து எழுந்து பட்டனை அழுத்தினால், பார்வையில் காணும் கறுப்புத் திரை.

அன்று விடியற்காலையில்தான் சாத்தனூர் அணையிலிருந்து தென்பெண்ணையில் விநாடிக்கு 1.68 லட்சம் கன அடி தண்ணீரைத் திறந்துவிட்டிருந்தார்கள். ஆற்றங்கரையில், சோரியாங்குப்பத்தில், என் தங்கை வீடு. ஆட்டையும் மாட்டையும் உன் வீட்டுக்கு ஓட்டிக்கொண்டு வரட்டுமா என்று கேட்க அவள் காலையிலிருந்து பதினொரு தடவை கூப்பிட்டிருக்கிறாள். கடைசியில் அவள் மகன் யாருடைய டிராக்டரிலோ தொற்றிக்கொண்டு நேரில் வந்து வாசலில் நின்றான். “மாமா, உனக்கெல்லாம் எதுக்கு மாமா செல்லு?” என்றான். ஆடுகள் தப்பின. என் மானம் தப்பவில்லை.

கரண்ட் வந்த பிறகு, வில்லியனூரில் படிக்கும் என் பேத்தி செல்லை வாங்கித் துழாவினாள். தங்கள் துறையின் வளாகத்துக்குள் நான் நுழைந்தது அன்றுதான். அமைப்புகள் என்ற வெளிவாசல், பேட்டரி என்ற உள்வாசல், அப்புறம் ஒரு நடை, அப்புறம் ஓர் அறை. அங்கே அந்த ராத்திரிக்கான வருகைப் பதிவேடு இருந்தது. நான் வேலை பார்த்த இடத்தில் பட்டப்பகலில்கூட அவ்வளவு வருகை இருந்ததில்லை ஐயா.

அடி எண்ணும் ஆப் வந்திருந்தது, நான் தூக்கத்தில் எழுந்து நடந்தால் விட்டுப்போய்விடக் கூடாதே என்று. ரம்மி ஆப் என்னை எழுப்பாமல் தானே சீட்டுக் கலைத்துக்கொண்டிருந்தது. நான் ஒரு பைசா வாங்காத கடன் ஆப் ஒன்று, நான் இன்னும் அதே கட்டிலில்தான் படுத்திருக்கிறேனா என்று அரை மணிக்கு ஒரு தரம் பார்த்துவிட்டுப் போயிருந்தது. துணிக்கடை ஆப் தள்ளுபடி முடியப்போகும் கவலையில் விழித்திருந்தது. செய்தி ஆப்கள் இரண்டு. அந்த இரண்டில் ஒன்று சாத்தனூர் சேதியைக் கொண்டுவந்துகூட இருக்கலாம். ஆனால் முதல்நாள் இரவெல்லாம் நடிகர் வீட்டு வளைகாப்பைக் கொண்டுவந்து கொண்டுவந்தே சார்ஜைத் தீர்த்திருந்தது.

புயலில் டவரும் சரியாக இல்லை. டவர் எட்டாதபோது செல்பேசி சும்மா இருக்காது. அக்கரையில் நிற்கும் ஆளைக் கூப்பிடுவதுபோல் குரலை உயர்த்தும். உயர்த்துகிற குரலுக்கெல்லாம் சார்ஜ்தான் தொண்டைத் தண்ணீர். ஒவ்வொரு ஆப்பும் அனுப்பப் பார்த்து, தோற்று, கொஞ்சம் பொறுத்து மறுபடி அனுப்பப் பார்த்து, ராத்திரி முழுக்க என் தலைமாட்டில் சத்தமில்லாத ஒரு கூப்பாடு. நான் குறட்டை விட்டுக்கொண்டிருந்தேன்.

தாங்கள் ஏரிப்பாசனம் பார்த்திருக்க மாட்டீர்கள். எங்கள் பாகூர் ஏரி, புதுச்சேரியில் ஊசுட்டேரிக்கு அடுத்த பெரிய ஏரி. சொர்ணாவூர் அணைக்கட்டிலிருந்து பங்காரு வாய்க்கால் வழியாகப் பெண்ணையாற்றுத் தண்ணீர் இங்கே வரும். பங்காரி, சிங்காரி என்று இரண்டு பெண்கள் வெட்டுவித்த வாய்க்கால் என்பது ஊர்க்கதை. பிரெஞ்சுக்காரர் காலத்தில் இந்தத் தண்ணீரைப் பங்கிட விவசாயிகளுக்குச் சங்கமே இருந்தது. எதற்குச் சங்கம்? ஏரி நிறைந்தே இருந்தாலும், மதகுக்குப் பக்கத்து வயல்காரன் யாரும் பார்க்காத ராத்திரியில் மடையைத் திறந்துவிட்டுக்கொண்டால், கடைமடைக்காரன் வயலில் விடிந்ததும் வெடிப்புதான். என் பேட்டரி ஏரி என்றால் நான் கடைமடை. என் செல்லில் நானே கடைமடை, ஐயா.

தங்கள் துறை தூங்கிக்கொண்டிருந்தது என்று சொல்ல வரவில்லை. தூங்கவைப்பதுதான் தங்கள் வேலையே என்று பேத்தி விளக்கினாள். 2015இல் ஆண்ட்ராய்டின் ஆறாம் பதிப்போடு ‘டோஸ்’ என்றோர் ஏற்பாடு வந்ததாம். எங்கள் அலுவலகத்தில் டோஸ் என்றால் ஆணையர் விடுவது. தங்களிடம் அது கோழித்தூக்கம். திரை அணைந்து, சார்ஜரில் இல்லாமல், செல்பேசி ஓரிடத்தில் அசையாமல் கிடந்தால், ஆப்களை எல்லாம் படுக்கவைத்துவிட்டு, இடையிடையே ஒரு சின்ன நேரத்துக்கு மட்டும் மொத்தமாக எழுப்பி, அவரவர் வேலையை முடித்துக்கொள்ளச் சொல்லி மறுபடி படுக்கவைப்பது. மறுவருஷம் அதை இன்னும் நீட்டி, சட்டைப்பையில் ஆடிக்கொண்டே போகும்போதும் லேசாகத் தூங்கவைத்தார்கள். 2017இல் எட்டாம் பதிப்பு, பின்னணியில் இருக்கும் ஆப் இஷ்டத்துக்கு வேலை செய்வதற்கும் இடம் பார்ப்பதற்கும் வரம்பு போட்டது.

மொத்தமாக எழுப்புவதில் என்ன லாபம் என்று கேட்டேன். கேட்டதற்குக் கிடைத்த பதில் எனக்குப் பிடித்திருந்தது. ஒற்றை வரிச் சேதி அனுப்பினாலும் உள்ளே இருக்கும் ரேடியோ உடனே படுத்துவிடாதாம். இன்னும் ஏதாவது வருமோ என்று சில விநாடிகள் எழுந்தபடியே காத்திருக்குமாம். பத்து ஆப் பத்து நேரத்தில் எழுப்பினால் பத்துக் காத்திருப்பு. பத்தும் சேர்ந்து போனால் ஒரே காத்திருப்பு. பாகூரிலிருந்து வில்லியனூருக்குப் பத்துப் பேர் போக வேண்டுமென்றால் ஆளுக்கொரு பஸ் விடுவோமா? நிறைந்ததும் கிளம்புகிற ஷேர் ஆட்டோதான் டோஸ்.

அப்புறம் 2018இல் வந்தது அட்டை முறை. எங்களுக்குச் சிவப்பு ரேஷன் அட்டை, மஞ்சள் ரேஷன் அட்டை என்று இரண்டு. தாங்கள் ஆப்களுக்கு நாலு வகை வைத்தீர்கள்: இப்போது கையில் இருப்பது, தினப்புழக்கத்தில் இருப்பது, அடிக்கடி எடுப்பது, அரிதாக எடுப்பது. கீழே போகப்போக எழுந்திருக்கும் உரிமை குறையும். பின்னாளில் அறவே அடக்கிவைக்க ஐந்தாவதும் சேர்ந்தது. நான் எதை எடுக்கிறேன், எதைத் தொடுவதேயில்லை என்று பார்த்துத் தாங்களே வகை பிரித்துக்கொள்கிறீர்கள். மனுவும் வேண்டாம், வருமானச் சான்றிதழும் வேண்டாம். ஓர் எழுத்தராக இதை மெச்சுகிறேன்.

அப்படியானால் என் ராத்திரி ஏன் பாழானது?

இங்கேதான் மனு கொஞ்சம் தடுமாறுகிறது. “தாத்தா, இங்க பாரு, எல்லாத்துக்கும் நீதான் ஓகே குடுத்திருக்க” என்றாள் பேத்தி. பேட்டரிக் கட்டுப்பாடு பொருந்தாதவர்கள் என்று தங்களிடம் ஒரு விலக்குப் பட்டியல் இருக்கிறதாம். ஆப்பை இறக்கிய அன்றைக்கே அது பணிவாக ஒரு பெட்டி நீட்டியிருக்கும்: ‘தங்களுக்குச் சிறப்பான சேவை வழங்க, பின்னணியில் தடையின்றி இயங்க அனுமதிக்கவும்.’ நான் அழுத்தியிருக்கிறேன். முப்பத்தொரு வருஷம், நீட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்ட கை. அடி எண்ணுவது, ரம்மி, கடன், மூன்றும் கட்டுப்பாடற்றவை. டார்ச் ஆப்புக்கு என் இருப்பிடம் பார்க்கவும் அனுமதி.

டார்ச்சுக்கு என் இருப்பிடம் எதற்கு என்று தாங்கள் கேட்டிருக்க வேண்டாமா? இருட்டு எங்கே இருக்கிறது என்று தெரிந்தால்தானே வெளிச்சம் அடிக்க முடியும் என்று விட்டுவிட்டீர்கள் போலும். கட்டுக்கதை இல்லை. 2013 டிசம்பரில் அமெரிக்காவின் வணிக ஆணையம், பல கோடிப் பேர் இறக்கியிருந்த ஒரு டார்ச் ஆப்பைப் பிடித்தது. விளக்கு எரிக்கிற சாக்கில் ஆட்களின் இருப்பிடத்தை விளம்பரக்காரர்களுக்குக் கொடுத்திருந்தது அது.

எங்கள் ஊரில் அனுமதி கொடுக்கத் தெரிந்தவர்கள் இருந்தார்கள். பல்லவ அரசன் நிருபதுங்கவர்மனின் எட்டாம் ஆட்சியாண்டில், பாகூரில் இருந்த வித்யாஸ்தானத்துக்கு, அதாவது அக்காலக் கல்லூரிக்கு, மூன்று ஊர்களைக் கொடையாகக் கொடுத்தார்கள். ஒன்பதாம் நூற்றாண்டுச் சங்கதி. பாகூர்ச் செப்பேடு என்று பேர். கொடை கொடுத்தால் யாருக்கு, எதற்கு, கிழக்கெல்லை எது, மேற்கெல்லை எது என்று செம்பில் வெட்டிக் கொடுப்பது அந்தக் காலச் செப்பேட்டு வழக்கம். நான் டார்ச் ஆப்புக்குக் கொடுத்த கொடைக்குக் கிழக்கும் இல்லை, மேற்கும் இல்லை. சூரிய சந்திரர் உள்ளவரை அனுபவித்துக்கொள் என்று ஒரு தட்டு, அவ்வளவுதான். ‘ஆப்பைப் பயன்படுத்தும்போது மட்டும்’ என்று எல்லை கட்டிக் கொடுக்கும் வழி 2019இல் பத்தாம் பதிப்பிலேயே வந்துவிட்டதாம். ஒரு சுற்றறிக்கை விட்டிருக்கக் கூடாதா?

இன்னொன்று. இந்த ஆப்கள் அத்தனையும் இலவசம். இலவசம் என்றால் எங்களுக்கு ஒரு சபலம் உண்டு, மறைப்பானேன். அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழகத்தில் அபினவ் பதக் என்பவரும் சக ஆய்வாளர்களும், எந்த வேலைக்கு எவ்வளவு சார்ஜ் போகிறது என்று ஆப்களைப் பிரித்துக் கணக்கெடுத்து 2012இல் வெளியிட்டார்கள். சோதித்த இலவச ஆப்களில், செலவான மின்சாரத்தில் 65 முதல் 75 சதவீதம்வரை விளம்பரத்தைக் கொண்டுவருவது போன்ற மூன்றாம் ஆள் வேலைக்கே போயிருக்கிறது. இனாமாகக் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள். இந்த மாடு என் வைக்கோலைத் தின்று அடுத்த வீட்டுக்குப் பால் கறக்கிறது.

சரி, எல்லாவற்றையும் மேலே தள்ளி மூடிவிட்டால் போயிற்று என்று தாங்கள் பதில் எழுதக்கூடும். அதையும் செய்து பார்த்தவன் நான். வில்லியனூர் பஸ்ஸில் ஏறிப் பாருங்கள். ஒருவர் பாக்கியில்லாமல் செல்லை எடுத்துச் சதுரக் கட்டத்தைத் தட்டி, திறந்து கிடக்கும் ஆப்களை ஒவ்வொன்றாக மேலே சுண்டி எறிந்துகொண்டிருப்பார்கள். கொசு விரட்டுவதுபோல் ஒரு திருப்தி. 2016இல் ஒரு வாடிக்கையாளர், இப்படி மூடினால் பேட்டரி மிஞ்சுமா என்று ஆப்பிள் நிறுவனத்துக்கே கேட்டு எழுத, அங்கே மென்பொருளைக் கவனிக்கும் கிரெய்க் ஃபெடரிகி மிஞ்சாது என்று பதில் எழுதிவிட்டார். அந்தக் கட்டத்தில் தெரிவதில் பெரும்பாலானவை ஏற்கெனவே உறைந்து கிடப்பவை. உறங்குபவனை வெளியே தள்ளிவிட்டுக் கொஞ்ச நேரத்தில் திரும்பக் கூப்பிட்டால், அவன் முதலிலிருந்து எழுந்து பல் விளக்கி வர வேண்டும். அதற்குத்தான் செலவு அதிகம். நிஜமாகக் குடிக்கிறவன் பெயர் பல சமயம் அந்தக் கட்டத்திலேயே இருக்காது.

முன்னால் யார் தெரிகிறார், பின்னால் யார் ஓட்டுகிறார் என்கிற வித்தியாசம் எங்களுக்குப் புதிதில்லை என்பதையும் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன். புதுச்சேரியில் 1968இல் உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. அடுத்தது 2006இல். முப்பத்தெட்டு வருஷம். 2006இல் வந்தவர்களின் காலம் 2011இல் முடிந்தது. அதன்பின் மறுபடி வருஷக்கணக்கில் அதிகாரிகள்தான். திரையில் ஒருவரும் இல்லாமல் பின்னணியிலேயே ஓடுகிற கொம்யூனில் குடியிருந்தவர்களுக்கு, திரை அணைந்த செல்பேசியில் நடக்கும் ராஜாங்கம் எளிதாகவே புரியும்.

அதற்காகப் பின்னணி முழுவதையும் அறுத்துவிடுங்கள் என்று நான் கேட்கவில்லை. வில்லியனூர் திருக்காமீஸ்வரர் கோயில் தேரோட்டம் தாங்கள் பார்க்க வேண்டியது. பிரெஞ்சு கவர்னர் வடம் பிடித்த வழக்கத்தில் இன்றைக்கும் துணைநிலை ஆளுநர் வந்து வடம் பிடிப்பார். பேப்பரில் வருவது அந்தப் படம். ஆனால் தேர் தெருவில் திரும்பவும் நிற்கவும், சக்கரத்தடியில் குனிந்து கட்டை கொடுக்கிற ஆட்கள் இருக்கிறார்களே, அவர்கள் எந்தப் படத்திலும் இருக்க மாட்டார்கள். ஒரு கணம் அவர்கள் கை தவறினால் தேர் யார் வீட்டுத் திண்ணையிலாவது ஏறிவிடும். ஆப்பு என்பது கெட்ட வார்த்தை இல்லை, ஐயா. தேருக்கு ஆப்பு வேண்டும்.

இதைச் சொல்லக் காரணம் இருக்கிறது. புயலுக்குப் பிறகு கோபத்தில் நான் தங்கள் அறைக்குள் புகுந்து, கண்ணில் பட்டதை எல்லாம் ‘கட்டுப்படுத்தப்பட்டது’ ஆக்கினேன். போதாக்குறைக்குச் செல்லோடு கூடவே வந்த அதிசிக்கனத் திட்டம் ஒன்றையும் போட்டுவிட்டேன். ராத்திரி சார்ஜ் அசையவில்லை. 80 வைத்தால் விடியும்போது 78. ஊரெல்லாம் சொல்லிக்கொண்டேன். மூன்றாம் நாள் என் மனைவியின் சர்க்கரை மாத்திரைக்கு நேரம் சொல்லும் ஆப் வாய் திறக்கவில்லை. பேங்க் சேதி மத்தியானம் வர வேண்டியது, சாயங்காலம் நான் திரையைத் தொட்ட பிறகு வந்தது. குடும்பக் குழுவில் ஒரு சாவுச் செய்தி, பால் தெளித்த பிறகு கிடைத்தது. “நல்லாத்தான் மிச்சம் பிடிக்கிற” என்றாள் மனைவி. திருடனைப் பிடிக்கச் சொன்னால் தெருவில் நடமாட்டத்தையே தடை செய்துவிட்ட போலீஸ்காரன்போல் ஆகிவிட்டது என் நிர்வாகம்.

பிறகு பேத்தியும் நானும் ஒரு ஞாயிற்றுக்கிழமை பதிவேட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம். மாத்திரை ஆப்புக்கும் அலாரத்துக்கும் குடும்பக் குழுவுக்கும் முழு விலக்கு. பேங்க், செய்தி, பஸ் நேரம் எல்லாம் தங்கள் அட்டை முறைப்படி நடக்கட்டும் என்று நடுவில் விட்டோம். கடன், துணிக்கடை கட்டுப்பாட்டில். ரம்மியை எடுத்துவிடலாம் என்றாள். அதில் கொஞ்சம் வாதப்பிரதிவாதம் நடந்தது, விவரம் வேண்டாம். டார்ச் ஆப்பை நீக்கினோம். செல்லிலேயே டார்ச் இருக்கிறதாம், மேலிருந்து இழுத்தால் வருகிறது. நாலு வருஷமாக இருந்திருக்கிறது. இருபது நிமிஷ வேலை. நியாயத்துக்கு இதையும் சொல்லிவிடுகிறேன்: சார்ஜை அதிகம் குடிப்பது எது என்று பார்த்ததில் முதலிடத்தில் இருந்தது திரை வெளிச்சம். அதை உச்சத்தில் வைத்திருந்தவன், கண்ணாடி மாற்ற மறுக்கும் இந்த மனுதாரரே.

அது போக ஒரு சங்கடம் மிச்சமிருக்கிறது. கடையில் வாங்கும்போதே உள்ளே குடியிருந்த ஆப்கள் பதினாலு. அவற்றை நீக்க முடியாது என்கிறது திரை. சிலவற்றை ‘முடக்கலாம்’; சிலவற்றுக்கு அந்தப் பட்டனும் மங்கலாகக் கிடக்கிறது. புறம்போக்கில் குடிசை போட்டால் இரண்டே நாளில் நோட்டீஸ் வரும். என் காசில் வாங்கிய பட்டா நிலத்தில் இவர்கள் எந்த ஆவணத்தின் பேரில் இருக்கிறார்கள் என்று தெரிவித்தால் நன்றியுடையவனாவேன்.

ஆகவே தாங்கள் கருணைகூர்ந்து, விலக்குப் பட்டியலில் உள்ளவர்களின் பெயரை நான்காம் உள்ளறையில் பூட்டிவைக்காமல் வாசலிலேயே ஒட்டும்படியும், நான் ஆறு மாதமாகத் தொடாத ஆப் எதுவும் என் பழைய கையெழுத்தைக் காட்டி ராத்திரியில் மடை திறக்காதபடி வருஷத்துக்கொரு முறையாவது என்னிடம் மறு ஒப்புதல் வாங்கும்படியும், புயல் எச்சரிக்கை வந்த இரவில் துணிக்கடைத் தள்ளுபடிகளைத் தாங்களாகவே படுக்கவைக்கும்படியும் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
கடைமடைக்காரன்.

இணைப்பு: வருகைப் பதிவேட்டின் திரைப்படி ஒன்று.

நகல்:
பேத்தி, வில்லியனூர் – நடவடிக்கைக்காக.
டார்ச் ஆப் – விலாசத்தில் ஆள் இல்லை எனத் திரும்பியது.
தங்கை, சோரியாங்குப்பம் – தகவலுக்காக. ஆள் மூலம் நேரில் கொடுக்கப்பட்டது. என் செல்லிலிருந்து வரும் எதையும் அவள் இன்னும் நம்புவதில்லை.